லோடுவின் வயிறும் வசந்தாவின் பையும்

ஆகஸ்ட் 3, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். துறைமுகப் பக்கமிருந்து காற்று இல்லை, கரித்தூசி மட்டும். கொடியில் போட்ட துணியை மறுபடி அலச வேண்டியதாயிற்று.

பூனைக்குட்டி வந்து நான்காம் நாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வண்டிகள் வரிசையில் நின்றபோது என் வீட்டுக்காரர் ஓட்டும் டிரைலருக்குள் ஏறிவிட்டதாம். கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டு ஓசூருக்கு லோடு ஏற்றிப் போய்விட்டார். பெயரும் அவர் வைத்ததுதான், லோடு. அதன் வயிற்றுப்போக்கு மட்டும் என் பங்கு.

மாட்டாஸ்பத்திரி போனேன். எடை 620 கிராம். பால் கூடவே கூடாதாம். நான் நான்கு நாளும் பாலைத்தான் ஊற்றியிருக்கிறேன். இனி:
– கோழி வேகவைத்து, குழைந்த சோறு
– உப்பு சர்க்கரைத் தண்ணீர்
– சிரப், இரண்டு வேளை
– எத்தனை தடவை போகிறது, எழுத வேண்டும்

"எத்தனை தடவைங்கிறதுதான் முக்கியம்மா. அத வெச்சுதான் மருந்து" என்றார் டாக்டர். அதனால் இந்த நோட்டு.

மாலை ஹவுஸ் ஓனர் மாடிக்கு வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "பூன வெச்சிக்க, வேணாங்கல. படில ஒரு தபா கலீஜ் பண்ணுச்சு, அன்னிக்கே கோணில கட்டி கொடுங்கையூர் குப்பமேட்ல வுட்ருவேன்."

எதிர் போர்ஷன் வசந்தா கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கிறவள். அவள் பங்குக்கு: "ஏம்மே, என் கூடைல வாய் வெச்சுது, அப்பால நான் இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது." சிரிக்காமல் சொன்னாள். குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

மணல் தட்டில்: பகல் 2. இரவு 0. பரவாயில்லை.

காலை வேலைக்கு இறங்கும்போது படியில் ஒரு மருந்து நெடி. படி ஈரம். யார் கழுவியது? ஹ.ஓ. வீட்டில் ஏழு மணிக்கு முன் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 5, புதன்

பகல் 2. இரவு 0. தண்ணீர் மாதிரி, மஞ்சள்.

தட்டு இரவில் சுத்தமாக இருக்கிறது, குட்டி மட்டும் விடிந்தால் துவண்டு கிடக்கிறது. முதுகெலும்பு கையில் தட்டுகிறது. நேற்று என் செருப்பைக் கடித்தது, இன்று செருப்பின் மேல் படுத்திருக்கிறது.

மறுபடியும் படியில் ஈரம். வ. கூடையோடு போன தடம் தெரிந்தது. மீன்தலை எதையாவது போடுகிறாளா? மரக்கதவைச் சாத்தினால் வெந்து போவோம், கிரில் மட்டும்தான் பூட்டுகிறேன். கம்பி இடுக்கில் கை நுழையும்.

ஆகஸ்ட் 6, வியாழன்

பகல் 2. இரவு 0.

வேலையில் நாற்பது பைக்கு மேல் பார்த்தேன். திருவொற்றியூர் கம்பெனியில் பெண்கள் வாசலில் செக்யூரிட்டியாகப் பை சோதிக்க நிற்பது பதினோரு வருடமாகிறது. கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து காட்டுகிறவளையும் நம்பமாட்டேன், காட்ட மறுக்கிறவளையும் நம்பமாட்டேன். இவர் சொல்வார், "ஸ்டெல்லா, நீ சர்ச் பூசையில நன்மை அப்பம் வாங்குறப்பகூட சாமியாரு கைய ஒரு தபா பார்க்கற." பார்த்தால் என்ன?

ஆகஸ்ட் 7, வெள்ளி

மாட்டாஸ்பத்திரி. எடை 540. டாக்டர் நோட்டைப் புரட்டினார், என்னைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"ரெண்டு தடவதான் போகுதுன்னா இவ்ளோ இறங்காதேம்மா. சரியா எண்ணுனீங்களா?"

ஊரார் பையை எல்லாம் நான் சோதிக்க, இவர் என் நோட்டைச் சோதிக்கிறார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. என் கணக்கு சரி என்றேன். எண்ணிக்கை குறைவாக இருப்பதால் அதே சிரப்பே போதும் என்று அனுப்பிவிட்டார்.

கணக்கு சரி, எடை மட்டும் இறங்குகிறது. அப்படியானால் யாரோ எதையோ கொடுக்கிறார்கள். வேறென்ன?

ஆகஸ்ட் 8, சனி

பார்த்துவிட்டேன். அதிகாலை ஐந்துக்கு முன்னால், கிரில் வழியாக. வ. படியில் குந்தியிருந்தாள், கையில் வெள்ளைப் பொடிப் பொட்டலம். நான் பூட்டைத் திறப்பதற்குள் இறங்கிப் போய்விட்டாள். வந்து பார்த்தால் லோடு வாசல் பக்கம் சுருண்டு கிடக்கிறது, வாயில் நுரை மாதிரி எதுவோ.

அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பத்தரைக்கு வந்தாள். படியிலேயே மறித்தேன்.

"பையைத் தெற, அக்கா."

"இன்னாது?"

"பையத் தெற. நான் பார்க்கணும்."

சத்தம் கேட்டு ஹ.ஓ. கீழேயிருந்து ஏறி வந்தார். வ. அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுக்கவில்லை. பையை என் காலடியில் கவிழ்த்தாள். கத்தி, சுருக்குப்பை, வெற்றிலை, ஒரு ஈரத்துணி, பொட்டலம்.

"இது என்ன விஷம்?"

"பிளீச்சிங் பவுடரு."

"எதுக்கு?"

மறுபடி ஹ.ஓ.வைப் பார்த்தாள். "கூடை கழுவ" என்றாள். எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"பொம்பளைங்க பேஜாரு" என்று ஹ.ஓ. இறங்கிவிட்டார். ஜெயித்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம்தான். பொய் சொல்கிறவர்கள் கண்ணை எனக்குத் தெரியும். அவள் பொய்தான் சொன்னாள், ஆனால் என்னிடம் இல்லை.

பகல் 2.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஆறு மணி. பூசைக்குக் கிளம்பிக் கிரில்லைத் திறந்தால் நாற்றம். படியில் ஒன்று, திருப்பத்தில் ஒன்று, கீழே வரை. எண்ணினேன். ஐந்து. ஒன்றில் ரத்தக் கோடு. கடைசிப் படியில் லோடு, எழுந்திருக்க முடியாமல்.

கம்பி இடுக்கில் கை நுழையுமா என்றுதான் இத்தனை நாள் பார்த்தேன். குட்டி வெளியே போகும் என்று தோன்றவே இல்லை. ஐந்து நாளாக ஒருத்தி விடியுமுன் வாரித் துடைத்து, குட்டியையும் உள்ளே விட்டிருக்கிறாள், நான் இரவு 0, இரவு 0 என்று எழுதியிருக்கிறேன்.

ஹ.ஓ. எழுவதற்குள் துடைத்தேன். பூசை இல்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரி. இரண்டு இல்லை, ஏழு என்றேன். டாக்டர் திட்டவில்லை. நேற்றைய நுரையும் வயிற்றுக் கோளாறுதானாம், விஷம் இல்லை. உடனே குளுக்கோஸ் ஏற்றி, ஊசி போட்டு, புழு மருந்தும் கொடுத்தார். "ரெண்டு நாள் தாண்டிருச்சுன்னா பொழச்சிக்கும்."

மாலை அவள் கதவைத் தட்டினேன். பாதிதான் திறந்தாள். டாக்டர் கேட்ட கணக்கு, நோட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"அந்தாளு முன்னாடி இன்னான்னு சொல்லச் சொல்ற? இவ பூன பேண்டத வாரினு கீறேன்னா? அப்பவே கோணி எட்த்தாந்திருப்பான்."

"என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா நம்பிட்டுத்தான் மறுவேல பார்ப்ப, நீ." கதவில் கை வைத்தபடியே, "உனுக்காவ ஒண்ணும் பண்ணல. படில நாத்தம்னா அந்தாளு மொதல்ல என் கூடையத்தான் மோந்து பார்ப்பான்" என்றாள். கதவு சாத்தியாயிற்று.

அவமானமாக இருக்கிறது. திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை. கிரில்லில் அட்டை கட்டினேன். நாலரைக்கு அலாரம், நானே துடைக்க.

ஆகஸ்ட் 10, திங்கள்

அலாரம் அடிக்கும்போதே கிரில்லைத் தட்டும் சத்தம். அட்டை கீழே விழுந்து கிடந்தது. வசந்தா, கூடையோடு. கக்கத்தில் லோடு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு.

பையை விரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பார்த்துக்க. அப்பால எதுனா காணோம்பே."

பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன். அதை அவளும் பார்த்தாள்.

குட்டியை என் கையில் திணித்துவிட்டு இறங்கினாள். திருப்பத்தில் நின்று, திரும்பாமலே சொன்னாள்: "படில இன்னிக்கு ரெண்டுதான். கெட்டியா கீது. நோட்ல எழுதிக்க."