கருமாதிக்குப் பிறகு வந்த காகிதம்

விக்கிரமங்கலம்,
பார்த்திப வருஷம் தை 3

பினாங்கு ஆஸ்பத்திரியில் இருக்கும் மாமா அவர்களுக்கு, உங்கள் சிந்தாமணி நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் அய்யாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் உயிரோடு இருக்கிறீர்கள் என்று நேற்றுத்தான் தெரிந்தது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தபால்காரர் கொடுத்த காகிதத்தில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும், செத்தவர் எழுதியது என்று பயந்து கீழே போட்டுவிட்டேன். அதை எடுத்துப் பார்த்த அய்யா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காரணத்தை உங்களுக்கு எழுத வேண்டாம், முதலில் உடம்பு தேறட்டும் என்று தடுக்கிறார். நீங்கள் வந்து வாசலில் நின்று தெரிந்துகொள்வதைவிட இது மேல் என்று நான்தான் எழுதுகிறேன்.

யுத்தம் வந்து காகிதம் நின்றுபோன நாலு வருஷமும், குளித்துவிட்டுப் பொட்டு வைக்கும் முன் கண்ணை மூடி, மாமா நல்லா இருக்காங்க என்று ஒன்பது தரம் சொல்வேன். சாமியிடம் எதுவும் கேட்கமாட்டேன். கேட்டால் சந்தேகப்பட்டதாகிவிடும் அல்லவா? நீங்கள் சோறு தின்பதை மனசில் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பேன். உங்கள் தங்கை பச்சையம்மாள் எனக்குப் பைத்தியம் என்றாள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

கார்த்திகையில் பூலாம்பாடிப் பஞ்சநாதன் கப்பலில் வந்து இறங்கினார். உங்களோடு சயாம் ரயில் ரோட்டில் வேலை செய்தவர். பேதிக் கொட்டகைக்கு அவரைத் தூக்கிக்கிட்டுப் போனதே நான்தான், அங்க போனவன் ஒருத்தனும் திரும்புனதில்லீங்க என்று கும்பிட்டு அழுதார். அவர்மேல் குற்றமில்லை. நாலு வருஷம் விடாமல் பிடித்திருந்ததை, ஒரு மனுஷர் அழுததைப் பார்த்து நான் விட்டுவிட்டேன். பதினாறாம் நாள் கருமாதி முடித்து, தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, மாமா. அதை நினைத்தால்தான் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

கொட்டகையில் பிணங்களுக்கு நடுவே கிடந்தபோது, சிந்தாமணி கழுத்துல தாலி கெடக்கு, நான் சாவமாட்டேன் என்று சொல்லிச் சொல்லித்தான் பிழைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதும் காய்ச்சல் வந்தால் அதைத்தான் சொல்லிக்கொள்கிறீர்களாம். படித்ததும் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். இனி அதைச் சொல்லாதீர்கள். உங்களைப் பிழைக்க வைத்தது உங்கள் மனசு, என் கழுத்தில் கிடந்த கயிறு இல்லை. கருமாதிக்குப் பிறகும் காலையில் என் வாய் தானாக, மாமா நல்லா இருக்காங்க என்று தொடங்கிவிடும். கையால் பொத்திக்கொண்டு அழுவேன். இன்று பொத்தவில்லை. தெருவுக்கே கேட்கச் சொன்னேன்.

கருமாதி செய்யப்பட்டவர் நேரே வீட்டுக்குள் வரக்கூடாதாம். கோயில் குளத்தில் முழுகி, பிறந்த குழந்தைக்குப் போல உங்களுக்குப் பேர் வைத்து, எனக்கு மறுபடியும் தாலி கட்டிய பிறகுதான் வாசல்படி மிதிக்கலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பவுன் வேண்டாம், மஞ்சள் கயிறு போதும். கப்பல் ஏறும் தேதியை எழுதுங்கள், அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்ளவும். ரயிலை விட்டு இறங்கும்போது பூவும் பொட்டுமாக என்னைத் தேடாதீர்கள். வெள்ளைப் புடவையில் ஒருத்தி நிற்பாள். யாரோ என்று அவளைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இப்படிக்கு,
சிந்தாமணி