வாசத்துக்கு வைத்திருந்த ஹொப்ஸ்

இக்காஸ்ட், சனிக்கிழமை இரவு

நித்திரை வரவில்லை.

இன்று வீட்டில் பேல் ஏல் பியர் காய்ச்சினேன். ஹொப்ஸ் பூவில் ஒரு பங்கைக் கொதி தொடங்கியதும் போடவேண்டும், அது கைப்புக்கு. மற்றப் பங்கை அடுப்பை அணைக்கும்போதுதான் போடவேண்டும், அது வாசத்துக்கு. முதல் பங்கைப் போட்டுவிட்டு, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது மனைவி சுமதி குசினிக்குள் வந்தாள்.

"கொப்பன்ஹேகன் பக்கம், டோஸ்ட்ருப்பில வேலை கிடைச்சிருக்கு. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்," என்றாள்.

இங்கிருந்து மூன்று மணித்தியாலக் கார் ஓட்டம். அவள் விண்ணப்பித்ததே எனக்குத் தெரியாது. கையிலிருந்த கிண்ணத்தை அப்படியே பானைக்குள் கவிழ்த்துவிட்டேன்.

"இப்பவே போட்டிட்டியளே? கைக்கப்போகுது."

"பரவாயில்லை. எப்ப போறாய்?"

"அடுத்த மாதம்."

அதற்குப் பிறகு இருவரும் பியரைப் பற்றி மட்டுமே கதைத்தோம். இதைக் குடிக்கலாமா, கீழே ஊற்றிவிடலாமா என்று வெகுநேரம் கதைத்தோம். நானும் வரட்டுமா என்று நான் கேட்கவில்லை. வாருங்கள் என்று அவளும் சொல்லவில்லை.

படுக்கையறைக் கதவின் கீழே இன்னும் வெளிச்சம் தெரிகிறது. அவளும் நித்திரை கொள்ளவில்லை போல. எழும்பிப் போய்க் கேட்கப்போகிறேன்.