கண்கட்டுச் சுற்று

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. அண்ணிக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே நானும் பாப்பாவும் நலம். உன் மாப்பிள்ளைதான் வேளைக்குச் சாப்பிடுவதில்லை.

நீ வேறு சர்க்கஸ் கம்பெனிக்கு மாறிப் போனதிலிருந்து மரணக்கிணற்றில் இவர் ஒருவர்தான் பைக் ஓட்டுகிறார். நீங்கள் இருவரும் அந்தப் பலகைச் சுவரில் ஒன்றாகச் சுற்றிய நாளில் போட்டி இல்லாமலா இருந்தது? ஆனாலும் சோறு இறங்கியது. மழை வந்தால் பலகை வழுக்கும் என்று இரண்டு பேரும் இறங்கிவிடுவீர்கள். யார் அதிகச் சுற்று என்று டீ குடித்துக்கொண்டே சண்டை போடுவீர்கள். அதைத் தொழில் என்று சொல்லலாம். இதை என்னவென்று சொல்வது?

போன மாதம் நீ கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டிய படம் பேப்பரில் வந்தது. அதை வெட்டிப் பெட்ரோல் டேங்க் மேல் ஒட்டியிருக்கிறார். முன்பெல்லாம் காலையில் ஒவ்வொரு நட்டையும் ஸ்பானர் வைத்துப் பார்ப்பார். இப்போது அதற்கு நேரமில்லை. நாலு பலகை ஆடுகிறது. நானே முறுக்கிப் பார்த்தேன், என் கைக்கு அடங்கவில்லை. முதலாளியிடம் சொன்னதற்கு, "கூட்டம் வருதும்மா, கெடுத்துடாதே" என்றார்.

உன்னை மிஞ்ச இவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார். இவர் கட்டுவது தடித்த கறுப்புத் துணி, இரண்டு மடிப்பு. இரண்டு முறை விழுந்துவிட்டார். உன் துணி வழியே எல்லாம் தெரியும், அதைத் தைத்ததே நான்தான் என்று சொல்லிவிட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறியதற்கு மன்னித்துவிடு. "உங்க அண்ணன் தோத்துடுவாருன்னு பயந்து கதை கட்டுறியா?" என்று சிரித்தார்.

எழுதத் தயங்கியது இதைத்தான். திசை தெரிவதற்காகப் பாப்பாவைக் கிணற்றின் நடுவில் நிறுத்திக் கைதட்டச் சொல்கிறார். எட்டு வயதுப் பிள்ளை! நேற்று வண்டி அவளுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. எழுந்ததும் இவர் அவளுக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. "எத்தனை சுத்து?" என்றார். அவளும் "பதினொண்ணுப்பா" என்றாள்.

சனிக்கிழமைக் காட்சியில் அவளும் நிற்கப்போவதாக வாசலில் போர்டு எழுதிவிட்டார்கள். உன்னிடம் அனுப்பத் துணிமணியைக் கட்டினேன். "நான் தட்டலைன்னா அப்பா விழுந்துடுவாரும்மா" என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். பிரிக்க முடியவில்லை.

நீ கடிதம் எழுதினால் இவர் நம்பமாட்டார். நான் தைத்த அந்தத் துணியோடு நேரில் வா. எல்லார் முன்னாலும் உன் கையாலேயே இவர் கண்ணில் கட்டு. உன் பெயர் கெட்டுப்போகும். தெரிந்துதான் கேட்கிறேன்.

நீயும் அண்ணியும் நன்றாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையே வந்துவிடு அண்ணா.

உன் தங்கை