பக்கத்துத் தடத்து இலக்கு

த்யூமென், ஜனவரி 12

அன்பு ரிம்மா,

புத்தாண்டுப் பெட்டி வந்து சேர்ந்ததா? ஆரஞ்சுகள் வழியில் உறைந்து போயிருக்குமோ என்று கவலை. நீ போனை எடுப்பதே இல்லை, அதனால்தான் காகிதம்.

எனக்கு முழங்கால் போய்விட்டது. பதினான்கு பெண்களுக்குப் பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சுடுதலும் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறேன், பாதி நாள் நாற்காலியில் உட்கார்ந்துதான். அவர்களில் உலியானா என்று ஒருத்தி, வயது பதினேழு. பனிச்சறுக்கில் அவளைப் பிடிக்க ஆளில்லை. ஆனால் போன சனிக்கிழமை போட்டியில் ஐந்து குண்டையும் பக்கத்துத் தடத்துக்காரியின் இலக்கில் சுட்டுவிட்டு வந்து நிற்கிறாள். "என்னடி பண்ணித் தொலச்ச?" என்றேன். "பதட்டமாயிடுச்சு, லீதியா பெத்ரோவ்னா" என்றாள்.

பிப்ரவரியில் அணியைக் குறைக்க வேண்டும். மனத்திடம் இல்லை என்று எழுதி அவளை அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன். எனக்குத் தெரிந்து இந்தத் தப்பைச் செய்த இன்னொருத்தி நீதான். இருபது வருஷமாக நான் கேட்டதில்லை. அந்தத் தொடரோட்டத்தன்று உனக்கு என்னடி ஆயிற்று?

உன் லீதா


கிளாசவ், ஜனவரி 21

அன்பு லீதா,

ஆரஞ்சு வந்தது. இரண்டுதான் அழுகல். வருஷம் தவறாமல் நினைவு வைத்திருக்கிறாயே, அதுவே போதும்.

ரொட்டி ஆலையில் காலை ஐந்து மணிக்கே வேலை. வாசல் காவலாளி இன்னும் அந்தக் கேலியை விடவில்லை. தினமும் "ரிம்மா, இதுதான் உன் வாசல், பக்கத்து வாசலுக்குப் போயிடாத" என்கிறான். முன்பெல்லாம் சிரித்து வைப்பேன். இப்போது அதற்கும் தெம்பில்லை.

அன்றைக்கு எனக்குக் களைப்பு, அவ்வளவுதான். அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடு. நன்றாகத் தூங்கட்டும்.

உன் ரிம்மா


கிளாசவ், ஜனவரி 29

லீதா,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். போன கடிதத்தில் எழுதியது பொய்.

களைப்பும் இல்லை, பதற்றமும் இல்லை. அப்போது என் வலது கண் ஒரு வருஷமாகவே மங்கிக்கொண்டு வந்தது. மருத்துவப் பரிசோதனையில் தப்பிக்க, கண் சோதிக்கும் அந்த எழுத்து அட்டையை மனப்பாடம் செய்தேன். ஷா, பே, எம், என், கா என்று கடைசி வரி வரைக்கும். நாடு முழுக்க ஒரே அட்டைதானே.

தொடரோட்டத்தில் நீ நாற்பது விநாடி முன்னிலையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். நான் துப்பாக்கியைத் தூக்கினேன். கறுப்பு வட்டங்கள் தெரிந்தன. மேலே இருந்த எண் மட்டும் பஞ்சு மாதிரி கலைந்து தெரிந்தது. இதுதான் நம்முடையது என்று நினைத்துச் சுட்டேன். ஐந்தும் விழுந்தன. ஆனால் அது பக்கத்துத் தடத்து இலக்கு. அதனால் ஐந்து தண்டனைச் சுற்று, ஏழாவது இடம். உங்கள் மூன்று பேரின் பதக்கமும் என்னால் போயிற்று. என்னை மன்னித்துவிடு.

அந்தப் பெண்ணை அனுப்பாதே. வேறு அட்டை மாட்டிப் பார்.

ரிம்மா


த்யூமென், பிப்ரவரி 10

அன்பு ரிம்மா,

குழந்தைகள் காப்பகத்தில் படம் போட்ட அட்டையை இரவல் வாங்கி வந்தேன். உலியானா யானையை டீக்கெண்டி என்றாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து ஒரே அழுகை. இப்போதெல்லாம் இதற்குச் சிகிச்சை இருக்கிறதாம். அணியில் அவள் பெயர் அப்படியே இருக்கிறது.

இனி என் முறை. நீ மன்னிப்புக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. பரிசோதனை அன்று காலை நீ குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்த வரிகளை முணுமுணுத்தாய். நான் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றிருந்தேன். எனக்கு எல்லாம் புரிந்தது. நான் சொல்லியிருந்தால் உனக்குப் பதில் அக்னியா ஓடியிருப்பாள். அவளோடு ஓடினால் பதக்கம் கிடைக்காது. எனக்குப் பதக்கம் வேண்டியிருந்தது. அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

அதற்கப்புறம் தொலைக்காட்சியில் கேட்டார்கள். "ரிம்மாவ நான் மன்னிச்சுட்டேன்" என்றேன். எல்லோரும் என்னைப் பெரிய மனசுக்காரி என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு முறை சொன்னேன்.

திட்டியாவது எழுது.

லீதா


கிளாசவ், மார்ச் 3

லீதியா பெத்ரோவ்னா அவர்களுக்கு,

நீங்கள் மன்னித்ததாகப் பத்திரிகையில் வந்த செய்தியை என் அம்மா வெட்டி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தாள். "எவ்வளவு நல்ல பொண்ணு பாரு" என்பாள். சாகும் வரைக்கும் உங்கள் பெயருக்கும் சேர்த்துத் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினாள். நேற்று அதைக் கிழிக்கப் பார்த்தேன். பசை இறுகிவிட்டது, பாதிதான் வந்தது.

திட்ட எனக்குத் தெம்பில்லை. அடுத்த புத்தாண்டுக்குப் பெட்டி அனுப்ப வேண்டாம்.

அந்தப் பெண் சிகிச்சை முடிந்து திரும்பி வந்ததும் வழக்கம்போலப் பயிற்சி கொடுங்கள். அவளை மன்னித்துவிட்டதாக மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

ரிம்மா வஹ்ருஷெவா