கங்காணிக்கு ஒரு கவளம்

கொட்டகலை,
22-7-1955

அன்பு நண்பன் செல்லசாமிக்கு, கடை மீராசாஹிப் எழுதிக்கொள்வது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் நாய் பிஸ்கட் தின்றேன். தெரியாமல் தின்றுவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் டப்பாவின் மேல் இத்தனை பெரிய நாய்ப்படம், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னையே பார்க்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் தின்றேன். தையல்கடை சரிபுதீன் வேலி வழியாக எட்டிப் பார்த்துவிட்டான். அவனுக்குத் தெரிந்தால் ஹட்டன் வரைக்கும் தெரிந்த மாதிரி. அடுத்த கப்பலில் இந்தியாவுக்கு வருகிறவன் எவனாவது உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை அல்லவா?

இங்கே நானும் ஹலீமாவும் சுகம் என்று எழுத வேண்டியது முறை; எழுதிவிட்டேன். மழை ஒரு மாதமாக விடவில்லை. கடைக்கு எதிரே இருக்கிற மலையைப் பார்த்துப் பல நாளாகிறது. இருக்கிறதா, அதையும் கப்பலேற்றிவிட்டார்களா தெரியவில்லை. மேல் லயத்து வீடுகளில் இன்னும் சிலருக்குப் பிரஜாவுரிமை மனு தள்ளுபடி என்று கடிதம் வந்திருக்கிறது. அதனால் என் கடையில் தகரப் பெட்டி வியாபாரம் ஜோர். பெட்டியை எடுத்துக் கொடுக்கும்போது நல்லா இருங்க என்று சொல்கிறேன். அப்புறம் கணக்கு நோட்டைத் திறந்துவிடுகிறேன். கடைப் பெஞ்சில் நீயும் மற்றவர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்த இடத்தில் இப்போது சாரல்தான் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் காம்பராவுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. சுவரில் மீனம்மா கரியால் வரைந்த நாய் அப்படியே இருக்கிறது. அதற்குக் கால் ஐந்து.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தேன். சாரல் அடிக்கிறது என்று ஹலீமாவிடம் சொன்னேன். கடைக்குள்ளே ஏது சாரல் என்று அவள் கேட்கவில்லை.

பிள்ளை மீனம்மா தட்டுக்கு முன்னால் உட்காருவதே இல்லை என்று எழுதியிருந்தாய். அவள் அம்மா வீரம்மா பிடித்து உட்கார வைத்தாலும் ஒரு வாய், இரண்டு வாய். பிறகு எழுந்து போய் வாசலில் நின்றுகொள்கிறாள். “கங்காணி சாப்டுச்சா?” என்று தன் நாயைப் பற்றிக் கேட்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வைத்தியர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, நோய் ஒன்றும் இல்லை, ஆனால் இப்படியே போனால் பிள்ளை தேறமாட்டாள் என்று சொன்னாராமே. அந்த வரியைத் தாண்டி என்னால் வெகுநேரம் போக முடியவில்லை. லயத்தில் அவள் சாப்பிட்டதைப் பார்த்தவன் நான். தட்டைக் காலி செய்துவிட்டுக் கடைசிக் கவளத்தை மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். அந்தக் கவளத்துக்கு ஆள் இல்லாத ஊரில் முதல் கவளம் மட்டும் எப்படி இறங்கும்?

கங்காணி எப்படி இருக்கிறது, என்ன தின்கிறது என்று விவரமாக எழுது, அதை வாசித்துக் காட்டினாலாவது பிள்ளை சாப்பிடுமா பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். ஸ்டேஷனில் கயிற்றை என் கையில் கொடுத்தவன் நீ. கேட்க உனக்கு உரிமை உண்டு. எழுதுகிறேன். நீ முதலில் தனியாகக் கடைசி வரைக்கும் படித்துக்கொள். பிறகு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, இதற்குக் கீழே இருப்பதை உரக்க வாசி. கடைப் பெஞ்சில் பேப்பர் வாசிப்பாயே, அந்தத் தொண்டையில் வாசி. குரைக்கிற இடத்தில் குரை. வெட்கப்படாதே, நான் பிஸ்கட்டே தின்றிருக்கிறேன்.

மகள் மீனம்மா,

கடை மாமா எழுதுகிறேன். உன் கங்காணியைப் பற்றிச் சொல்ல ஏகப்பட்டது இருக்கிறது. அதற்கு முன்னால் நிஜக் கங்காணியைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கங்காணிக்கு உன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. கொழுந்தெடுக்கப் போகிறவர்களுக்குப் பின்னாலேயே நடந்து, யாராவது நின்றால் முறைத்துப் பார்க்கிற நாய்க்கு வேறு என்ன பேர் வைப்பதாம்? “கங்காணி, எலும்பு தின்ன வா!” என்று நீ கூப்பிட்டபோது அவர் திரும்பிப் பார்த்ததுதான் தப்பு. அதைச் சொல்லி பஜாரில் இன்னும் சிரிக்கிறார்கள்.

உன் கங்காணிக்கு எங்கள் விறகுக் கொட்டகையில் இடம் கொடுத்தோம். வீட்டுக்குள் எங்கள் வழக்கப்படி ஆகாது. அதன் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு. உன் மாமி ஹலீமா பழைய சாக்கை மடித்து, ஒழுகாத மூலையாகப் பார்த்துப் போட்டாள். இந்த வீட்டில் எனக்கே அப்படி ஒரு மூலை இன்னும் கிடைக்கவில்லை.

ஆனால் பார், அது சாப்பிட மாட்டேன் என்றுவிட்டது. உன்னை மாதிரியேதான்.

முதலில் இறைச்சிக்கடை அன்ஸாரிடம் சதை ஒட்டிய எலும்பாகக் கேட்டு வாங்கி வந்தேன். மோந்து பார்த்தது, திரும்பிப் படுத்துக்கொண்டது. அன்ஸாருக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரில் வந்து பார்த்துவிட்டு, “மீராசாஹிப் நானா, என் கடை எலும்ப வேணாங்குற நாய இப்பத்தான் பாக்குறேன். இன்னைக்கி வெள்ளிக்கெழம, வெரதம் கிரதம் இருக்குதோ என்னமோ” என்றான். மறுநாள் சனிக்கிழமை. அன்றைக்கும் விரதம்தான்.

அடுத்தது கருவாட்டுத் தலை. அது வேண்டியதில்லை என்று கங்காணி சொன்னது; எங்கள் வீட்டுப் பூனை வேண்டும் என்று சொன்னது. டின் பாலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டேன். எறும்புகள் எனக்காக இரண்டு கையேந்தி துஆ கேட்டிருக்கும்.

அப்புறம்தான் துரை பங்களாவில் சமைக்கிற சின்னராசாவைப் பிடித்தேன். பங்களா நாய் என்ன சாப்பிடுகிறது என்று விசாரித்தேன். விசாரித்திருக்கக் கூடாது. காலையில் உப்பில்லாமல் அவித்த ஈரல். மத்தியானம் எலும்பு சூப்பு. சாயந்தரம் துரைசாணி கையால் ஒரு துண்டு கேக். ஞாயிற்றுக்கிழமை வயிற்றுக்கு ஓய்வு வேண்டுமே, அதற்குச் சீமையிலிருந்து டப்பாவில் வருகிற பிஸ்கட். உங்கள் ஆட்கள் சொல்கிற மறுபிறவி நிஜமாக இருந்தால் துரை பங்களா நாயாகப் பிறக்க நான் இப்போதே கைநாட்டு வைத்துக் கொடுப்பேன். இந்த வரியை எங்கள் பள்ளிவாசல் லெப்பை காதில் விழாமல் வாசிக்க வேண்டும்.

சின்னராசா ஒரு டப்பா பிஸ்கட் கொண்டுவந்து தந்தான். கங்காணி அதையும் பார்த்தது. என்னையும் பார்த்தது. லொள் என்று ஒரே ஒரு தரம் குரைத்தது. அப்பா குரைத்தாரா? இன்னும் கொஞ்சம் கனமாகக் குரைக்கச் சொல்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அப்போது ஹலீமா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “ஏங்க, கடைல அவ்வளவு பேசுறீங்க, இது தெரியலியா? லயத்துல அது எப்பவாச்சும் மொதல்ல சாப்ட்டிருக்கா? புள்ள சாப்ட்டு முடிச்சு, கையில மிச்சம் வச்சிக் குடுத்தாத்தானே அதுக்குச் சோறு. நீங்க பெரிய விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி அதுக்கு முன்னாடி தட்ட வச்சிட்டுப் போயிடுறீங்க. புள்ள சாப்பிடலையேன்னு அது பாத்துக்கிட்டு இருக்குது.”

பார்த்தாயா மீனம்மா? தொழுகைக்கு முன்னால் இந்த வேலையை முடித்துக் கைகால் கழுவிவிட வேண்டும் என்று நான் அதற்கே முதலில் வைத்தேன். வீட்டில் யாரும் சாப்பிடாதபோது தான் மட்டும் சாப்பிடுகிற வளர்ப்பா நீ வளர்த்தது?

சரி, அது பார்க்க யாராவது சாப்பிட வேண்டும். என்னைவிட்டால் கொட்டகையில் யார் இருக்கிறார்கள்? கையில் இருந்ததோ பிஸ்கட். கங்காணிக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, ஒன்றை எடுத்துக் கடித்தேன். மரத்தூளையும் எலும்பையும் சேர்த்து இடித்துச் சுட்டமாதிரி ஒரு ருசி. என் கடைவாய்ப்பல் ஒன்று அன்றைக்கு ஆட்டம் கண்டதுதான், இன்னும் நிற்கவில்லை. மென்றேன், விழுங்கினேன், பேஷ் பேஷ் என்று தலையை ஆட்டினேன். கடைசித் துண்டை உள்ளங்கையில் வைத்து, நீ நீட்டுகிற மாதிரி நீட்டினேன். அந்தச் சமயம் பார்த்துத்தான் சரிபுதீன் வேலியில் தலையை வைத்தான்.

கங்காணி எழுந்து வந்தது. வாலை ஒரு பக்கமாக ஆட்டியது, அதற்கு நேராக ஆட்டத் தெரியாதே. துண்டைத் தின்றுவிட்டு என் கையை நக்கியது. ஏழு தரம் கழுவினேன். ஹலீமா எண்ணிக்கொண்டு நின்றாள்.

மீராசாஹிப் வீட்டில் மனுஷனுக்கு நாய் பிஸ்கட்தான் போடுகிறார்கள் என்று பஜாரெல்லாம் பேச்சு. ஹலீமாவுக்கு என்மேல் கோபம், “ஊரு ஒங்களயா பேசும்? என்னயத்தானே பேசும்” என்று. அதனால் மறுநாளிலிருந்து ரொட்டியும் சம்பலும் கொடுத்தனுப்புகிறாள். மத்தியானத்தில் நான் கொட்டகையிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ரொட்டியின் கருகின ஓரத்தை மட்டும் கடைசியில் அதற்கு ஒதுக்குகிறேன். நடுவைப் போட்டால் பிடிப்பதில்லை, உனக்குத் தெரியுமே.

ஆனால் மகளே, இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நேற்று நான் சாப்பிட்டு முடித்து ஓரத்தை நீட்டினேன். அது வாங்காமல் ஸ்டேஷன் போகிற பாதையையே பார்த்துக்கொண்டு நின்றது. கடை மாமா சாப்பிட்டது போதாதாம். நீ சாப்பிட்டாயா என்று அதற்குத் தெரிய வேண்டுமாம். அதனால் நீ ஒன்று செய். தினமும் தட்டில் போட்டதைச் சாப்பிட்டு முடி. கடைசிக் கவளத்தை எடுத்து வாசலில் வை. அங்கேயும் காக்கை இருக்கும், கோழி இருக்கும். கங்காணி பேரைச் சொல்லிக் கொடு. என்ன சாப்பிட்டாய் என்று அப்பாவிடம் சொல்லி எனக்கு எழுதச் சொல். நான் கொட்டகையில் உட்கார்ந்து உரக்க வாசிப்பேன். கம்பஞ்சோறு என்றால் கம்பஞ்சோறு, பழையது என்றால் பழையது. வெறும் தண்ணீர்தான் குடித்தாள் என்று மட்டும் எழுத வைத்துவிடாதே. அந்தக் கடிதம் வரும்வரைக்கும் இங்கே ஒருத்தன் தட்டைத் தொடமாட்டான்.

நீ நன்றாகச் சாப்பிட்டு, ஆலமரம் மாதிரி வளர்ந்து, ஒருநாள் இந்த ஸ்டேஷனில் வந்து இறங்க வேண்டும் என்று இங்கே இரண்டு கிழடுகள் ஐந்து வேளையும் கையேந்துகிறோம். நீங்கள் கும்பிடுகிற சாமியும் அதைக் கேட்டுக்கொள்ளட்டும். சாப்பிடு கண்ணே.

இப்படிக்கு,
உன் கடை மாமா
மீராசாஹிப்

செல்லசாமி, பிள்ளைக்கு வாசிப்பதைக் கையெழுத்தோடு நிறுத்திக்கொள். அன்றைக்கு ரயில் அசைந்ததுமே கங்காணி கயிற்றை அறுத்துக்கொண்டது. உங்கள் ரயிலுக்குப் பின்னாலேயே ஓடிப் பெரிய சுரங்கத்துக்குள் போனதைப் பார்த்தேன். அந்தப் பக்கம் அது வெளியே வரவில்லை என்று தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். ரொட்டி ஓரம் ஹலீமா சொல்லிச் சேர்த்தது. பிஸ்கட் தின்றது மட்டும் நிஜம். கங்காணி எப்படியும் வந்துவிடும் என்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது.