கல்லறை மேட்டுக்கு ஒரு கரை

அண்ணி,

இன்று காலை நம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. காய்ந்து வெடித்துக் கிடந்த தரையில் முதல் தண்ணீர் ஏறும்போது ஒரு வாடை எழுமே, செத்த நத்தையும் மக்கிய இலையும் கலந்த வாடை, அது தெருவுக்குள் வந்ததும் நான் சன்னலைச் சாத்திக்கொண்டேன். ஊரில் மற்றவர்களுக்கு அது சந்தோஷமான வாடை. தண்ணீர் வந்தால் நடவு, நடவு வந்தால் சோறு. எனக்கு அது அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன நாளின் வாடை. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கேட்டதில்லை.

சென்னையில் ஆட்சி மாறியிருந்த புதிது அது. இனி ஏழைகளின் காலம் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். நம் தெரு அதை நம்பியது. அண்ணன் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினார். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு நம் ஆட்கள் வயலில் இறங்க மறுத்தபோது, பண்ணையார் நடவுக்கு வெளியூரிலிருந்து பெண்களைக் கொண்டுவந்து இறக்கினார். அண்ணன் வரப்பில் நின்று அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். “எறங்காதீங்கம்மா. எங்க வவுத்துல அடிக்காதீங்க.” அவ்வளவுதான் கேட்டார். பண்ணை ஆட்கள் பின்மண்டையில் அடித்தார்கள். தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், மாட்டுவண்டியிலேயே, உங்கள் மடியில் உயிர் போனது. உங்களுக்குக் கல்யாணச் சேலையின் சாயம்கூட இன்னும் போகவில்லை.

நம் கல்லறை மேடு வயல்களுக்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரை ஓரம். அதற்குப் போக ஒரு காலத்தில் வாய்க்கால் கரை இருந்தது. புறம்போக்குதான், யாருடைய பட்டாவிலும் இல்லை. ஆனால் பண்ணை வருஷா வருஷம் கரையைச் செதுக்கி வயலோடு சேர்த்துக்கொண்டதில், ஒரு ஆள் கால் மாற்றி வைக்கக்கூட இடமில்லாமல் போயிருந்தது. வேதக் கோயிலின் பொதுச் சவப்பெட்டியில் அண்ணனை வைத்துத் தூக்கிவந்தபோது பண்ணையின் காரியக்காரர் வயலோரம் நின்றிருந்தார்.

“நட்டு நாலு நாளாவல. நாத்துல கால் படக் கூடாது. வாய்க்கா இருக்குல்ல, அதுல போங்க.”

போனோம். நெஞ்சளவு தண்ணீர். தூக்கியவர்களுக்குக் கை சளைத்தபோதெல்லாம் பெட்டி தாழ்ந்தது. பெண்கள் கல்லறைக்கு வர வேண்டாம் என்று பெரியவர்கள் தடுத்ததைக் கேளாமல் நீங்களும் இறங்கினீர்கள். உங்களோடு நானும். பெட்டியின் அடியில் கை கொடுத்துக்கொண்டே, “மேல தூக்குங்கண்ணே, தண்ணி உள்ள போவுது, தண்ணி உள்ள போவுது” என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். நீங்கள் அழவில்லை. அதைத்தான் சொன்னீர்கள், மேடு வரும்வரை.

வழக்கு நடந்தது. பட்டப்பகலில் நடந்ததைக் கோர்ட்டில் யாருமே பார்த்திருக்கவில்லை. விடுதலையாகி வந்தவர்கள் கடைத்தெருவில் வெடி கொளுத்தினார்கள். அன்று நம் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்த பங்குச் சாமியார், வயதில் சின்னவர், நல்லவர், “அவங்கள மன்னிச்சிடும்மா. நம்பிக்கையோட இரு. கடைசி நாள்ல எல்லாரும் உயிர்த்தெழுவோம்” என்றார்.

நீங்கள் அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டீர்கள். “எழுந்திரிச்சா அவரு எந்த வழியா சாமி வூட்டுக்கு வருவாரு? மறுபடியும் தண்ணிக்குள்ளயா?”

எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. துக்கத்தில் உளறுகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் உளறவில்லை.

அந்தச் சித்திரையில் வாய்க்கால் வற்றியதும் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கினீர்கள். வாய்க்காலுக்குள் படிந்து கிடந்த வண்டலை வெட்டிக் கரைமேல் கொட்டி மிதித்தீர்கள். விடிந்ததும் போவீர்கள், வெயில் ஏறும்வரை வெட்டுவீர்கள், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பண்ணையாரின் ஏழு தலைமுறையையும் ஏசுவீர்கள். ஆடியில் பண்ணை ஆட்கள் வந்து அதைச் செதுக்கித் தள்ளினார்கள். அடுத்த சித்திரையில் மறுபடி வெட்டினீர்கள். மறுபடி செதுக்கினார்கள். ஜமாபந்தியில் தாசில்தாரிடம் முறையிட்டீர்கள். “பார்க்கலாம்” என்றார். அடுத்து வந்தவரும் பார்க்கலாம் என்றார். நம் தெருவிலேயே உங்களுக்கு ‘கரைக்காரி’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

கும்பகோணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் தங்கி வாத்தியார் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்த நான் லீவில் வந்தபோது கேட்டேன். “இது எதுக்கு அண்ணி? அவங்கதான் வெட்டிப்புடுறாங்களே. நம்பிக்கை வெச்சு செபம் பண்ணுங்க, போதும்.”

“நம்ம மந்திரத்துக்கு என்னா பேரு பாப்பா?”

“நம்பிக்கை முயற்சி.”

“பின்ன? முயற்சின்னுதானே போட்டிருக்கு?”

சிறுவயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவந்த செபம். அதன் தலைப்பை நான் அதுவரை காதால் மட்டுமே கேட்டிருந்தேன்.

இதைச் சொல்லும்போது உங்களைப் பெரிய புனிதையாக்கிவிடுகிறேனோ என்று பயமாக இருக்கிறது. அப்படி ஆக்கினால் நீங்களே சிரிப்பீர்கள். நீங்கள் ஓய்ந்துபோன வருஷமும் இருந்தது. பண்ணை ஆட்கள் உங்கள் மண்வெட்டியைப் பிடுங்கி, அதன் காம்பாலேயே மணிக்கட்டில் அடித்தார்கள். எலும்பு கோணலாகக் கூடியது. அதன்பிறகு நீங்கள் கோயிலுக்குக்கூட வரவில்லை. கல்லறைத் திருநாள் எப்போதும் அடைமழையில்தான் வரும். ஒவ்வொரு வருஷமும் மெழுகுவத்தியைத் தலைச்சும்மாட்டில் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து போய் அண்ணன் தலைமாட்டில் ஏற்றிவிட்டு வருவீர்கள். அந்த வருஷம் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. நான் கூப்பிட்டேன்.

“போ பாப்பா. அங்க ஒண்ணும் இல்ல. மண்ணுதான் இருக்கு. செத்தா மண்ணுதான்.”

உங்கள் வாயால் அதைக் கேட்டபோது, அண்ணன் செத்த செய்தி வந்த நாளைவிட எனக்குப் பயமாக இருந்தது. நான் மட்டும் தண்ணீரில் இறங்கிப் போனேன். மழையில் வத்தி பற்றவே இல்லை. பற்றாத வத்தியை மண்ணில் நட்டுவிட்டு வந்தேன்.

அடுத்து வந்த உயிர்த்த ஞாயிறு கழிந்த மறுவாரம், கோணல் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நீங்கள் வாய்க்காலில் குந்தியிருந்ததைப் பார்த்தேன். ஒரு கையால் மண்ணைப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

“நம்பிக்கை திரும்பி வந்துடுச்சா அண்ணி?”

“வரல” என்றீர்கள். “வந்தப்புறம் வெட்டலாம்னு ஒக்காந்திருந்தேன். வர்ற வழியக் காணும். வெட்டுனாத்தான் வருமோ என்னமோ.” தலை நிமிராமலே, “சும்மா நிக்காத, கூடையப் புடி” என்றீர்கள்.

பிறகு என்னென்னவோ மாறியது. நான் ஆசிரியையாகி, பக்கத்து ஊரில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றேன். நம் தெருப் பிள்ளைகள் படித்தார்கள், சிலர் நிலம்கூட வாங்கினார்கள். பண்ணையாரின் பிள்ளைகள் வயலை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர் வெளிநாட்டில் இருக்கிறார், அவருடைய டிராக்டர் கரையைச் செதுக்குகிறது. ஆட்சிகள் மாறி மாறி வந்தன. அதிகாரிகள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள், கல் நட்டார்கள், கல்லைக் காணோம். ஆனால் செதுக்கியது போக எங்கோ கொஞ்சம் நின்றது. அதன்மேல் அடுத்த வருஷ மண் ஏறியது. அருகம்புல் பிடித்தது. தெருவிலிருந்து வாய்க்கால் ஓரத்து ஒற்றைப் பனைமரம் வரைக்கும் கரை கரையாகவே நின்றுவிட்டது. அதற்கு அப்பால்தான் ஒவ்வொரு வருஷமும் அழிந்தது.

நீங்கள் ஐப்பசியில் செத்தீர்கள். நல்ல மழை. உங்களைத் தூக்கியவர்கள் முதலில் வழக்கம்போல வாய்க்காலில் இறங்கப் போனார்கள். நான் கத்தினேன். “மேல போங்கடா. அவங்க போட்ட கரைமேல போங்க.” பனைமரம் வரைக்கும் நாலு பேர் தோளில், யார் காலும் நனையாமல் போனீர்கள். அதற்குப் பிறகு கரை இல்லை. அங்கே இறங்கினார்கள். பெட்டிக்குள் தண்ணீர் போனதா என்று எனக்குத் தெரியாது. பார்க்கும் தைரியம் இல்லை.

பாதி வழி. ஒரு மனுஷியின் ஆயுசுக்கு அவ்வளவுதான் கிடைத்தது. அது வெற்றி என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அண்ணனை அடித்தவர்கள் தங்கள் கட்டிலில், தங்கள் பேரப்பிள்ளைகள் சூழச் செத்தார்கள். சாமியார்கள் இப்போதும் பிரசங்கத்தில் நம்பிக்கை என்று சொல்லும்போது அந்தச் சொல் லேசாக, சோப்புநுரை மாதிரி வருகிறது. எனக்கு அது கனமானது. வண்டல் ஈரத்தோடு ஒரு கூடை எவ்வளவு கனக்குமோ அவ்வளவு கனம். கடவுள் கல்லறையைத் திறப்பார் என்று விசுவாசிக்கிறேன், சில நாட்களில். மற்ற நாட்களில், நம்பிக்கை வராமலே மண் வெட்டிய உங்களை நினைத்துக்கொள்கிறேன். போன சித்திரையில் நானும் பக்கத்து வீட்டு மருமகளும் போய்க் கொஞ்சம் வெட்டினோம். என் முழங்காலுக்கு அவ்வளவுதான் முடிந்தது.

உங்களுக்குப் பக்கத்தில் எனக்கும் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். மீதிக் கரை வருவதற்குள் நானும் வந்துவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது. அந்தச் சாமியார் சொன்னபடியே கடைசி நாளில் எல்லோரும் எழுந்தால், மேட்டிலிருந்து பனைமரம் வரைக்கும் தண்ணீர்தான் இருக்கும், அண்ணி. நீங்களும் அண்ணனும் முன்னால் இறங்குங்கள். நான் உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறேன்.