தண்ணிக்கு முன்னாடி வர வேண்டிய கடிதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் குறைஞ்சுதா? நான் நல்லா இருக்கேன். போன்ல சொன்னா உங்களுக்குப் பாதி காதுல விழாது, அதான் எழுதுறேன்.

போன வாரம் எங்க அணை வேலை கேம்ப் ஆஸ்பத்திரிக்கு கிரேன் ஓட்டுற அண்ணன் வந்தார். சிறுநீர்ல ரத்தம். லேப்ல நான்தான் பார்த்தேன், புழு முட்டை இருந்துச்சு. அணைத் தண்ணியில இருக்கிற நத்தையிலிருந்து வர்ற புழு அது. தண்ணியில நின்னாலே தோல் வழியா உள்ள போயிடும். நானும் அங்கே குளிச்சவதானே? எனக்கும் டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், இருந்துச்சு. மாத்திரை போட்டாச்சு, சரியாயிடும்.

டாக்டரும் நானும் இன்ஜினியர்கிட்ட போய், "நத்தையை ஒழிச்சிட்டு மதகைத் திறங்க சார்"னு கெஞ்சினோம். "ஊரே தண்ணிக்குக் காத்துக்கிட்டிருக்கும்மா"ன்னார். இன்னிக்குக் காலையில திறந்துட்டாங்க.

அந்தத் தண்ணிதான் கால்வாய் வழியா இன்னும் நாலஞ்சு நாள்ல நம்ம வயலுக்கு வரும். நத்தையும் கூடவே வரும். நீங்க முதல் ஆளா இறங்கிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். வேண்டாம்ப்பா. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கோங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களையும் குளிக்க விடாதீங்க. பூட்ஸ் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. இங்க சாப்பிடும்போது பேசக்கூட ஆளில்லை.

தபால் எடுக்கிறவர் வாசல்ல நிக்கிறார். தண்ணி வர்றதுக்குள்ள இது உங்க கைக்கு வந்துடணும்.

உங்கள் மகள்